சுழற்பந்து வீரர் பல்வங்கர் பாலு

டோம்பிவிலியில் மின்தொடர்வண்டி ஏறி, சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தில் இறங்கிச் சற்றுத் தொலைவு நடந்தால் ஆசாத் மைதானம் வரும். அதன் தென்கோடியில் சரிந்த கூரையோடு நிற்கும் பழைய கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதுவே 1875இல் தோன்றிய பம்பாய் ஜிம்கானா. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அங்கு இந்தியர் உறுப்பினராக இயலாது. ஐரோப்பியர் குதிரையேறிப் போலோ ஆடியதால், அடுத்திருந்த திடலில் பார்சிகளும் இந்துக்களும் பயன்படுத்திய ஆடுகளங்கள் குளம்படி பட்டுக் குழிகளாயின. அதனை எதிர்த்து 1880களில் இந்திய ஆட்டக்காரர் அரசுக்கு மனுமேல் மனு எழுதினர். நிறத்தால் மக்களைப் பிரித்த அந்தக் கழகத்தின் திடலில்தான், சாதியால் ஒதுக்கப்பட்ட ஒருவர் வெள்ளையரை வீழ்த்தினார். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

பாலு 1876ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் தார்வாட்டில் பிறந்தார். தோல்தொழில் செய்த சமார் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் அது. தந்தை புனேயில் படைத்துறைப் பணியில் இருந்தார். வெள்ளை அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினர். குடும்ப வறுமை, பாலுவைச் சிறுவயதிலேயே வேலைக்கு அனுப்பியது. பார்சிகள் நடத்திய கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுப்பது அவர் வேலை. மாதக் கூலி 3 ரூபாய். பின்பு, ஐரோப்பியருக்கு உரிய பூனா கழகத்தில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். அங்கே வலை கட்டுவதும் கோடு போடுவதும் அவர் பொறுப்பாயின. ஓய்ந்த வேளைகளில் ஆங்கிலேய உறுப்பினர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும்படியும் பணிக்கப்பட்டார்.

அவர்களுள் ஒருவர் கிரெய்க் என்னும் படை அதிகாரி. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் அணிக்கு ஆடிய தேர்ந்த மட்டையாளர். பிறர் வருமுன்பே திடலுக்கு வந்து, பாலுவை மணிக்கணக்கில் வீசச் சொல்லுவார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், இடக்கையால் மெதுவாக வீசிப் பந்தை இருபுறமும் திருப்பும் வித்தையைப் பாலு அந்த வலைக்குள்தான் கற்றுத் தேர்ந்தார். ஆயின் அத்தனை ஆண்டுகளிலும் ஒருநாளேனும் அவர் கையில் மட்டை கொடுக்கப்படவில்லை. மட்டை பிடிப்பது துரைமாருக்கு உரியது. வியர்வை சிந்தி வீசுவது ஏவலருக்கு உரியது. கிரெய்க்கின் ஆதரவைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

அதே நகரில் இந்துக்களின் கழகம் ஒன்று ஐரோப்பியரை வெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. பாலுவைச் சேர்த்தால் வெல்லலாம். சேர்த்தால் சாதிக் கட்டுப்பாடு குலையும். நீண்ட விவாதத்திற்குப் பின் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அந்தணரும் தொட்டனர். தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறும். மற்றவர் கூடத்திற்குள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண்குவளையில் தேநீர் வரும். உணவும் தனித்தட்டில், தனியிடத்தில். முகம் கழுவ நீர் ஊற்றவும் அவர் சமூகத்து ஏவலாள் ஒருவரே வரவேண்டும்.

சாதாராவில் வெள்ளையர் அணியோடு ஆடச் சென்றபோது, பாலுவின் பந்து திரும்பாதிருக்க வேண்டுமென்று பல நாள் உருளையிட்டு ஆடுகளத்தைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்தனர். அங்கும் அவர் 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பாராட்டியதோடு நில்லாமல், சேர்ந்து ஆட முடிந்தவர்களுக்குச் சேர்ந்து உண்ணவும் முடியவேண்டும் என்று தம் இனத்தாருக்கே எடுத்துரைத்தார்.

1890களின் இறுதியில் புனேயைக் கொள்ளைநோய் வாட்டியது. பாலுவின் குடும்பம் மும்பைக்குக் குடிபெயர்ந்தது. புனேயையும் மும்பையையும் இணைக்கும் இருப்புப்பாதை அன்றும் நம் டோம்பிவிலி வழியாகவே சென்றது. மும்பையில் இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது. எதிர்த்தவர்களும் இருந்தனர், அணித்தலைவர் கீர்த்திகர் வற்புறுத்தவே எதிர்ப்பு அடங்கியது. இங்கே மண்குவளை விலகிற்று. பாலுவும் சிவராமும் ஏனைய ஆட்டக்காரரோடு ஒன்றாக அமர்ந்து உண்டனர். தலைமைப் பொறுப்பின் கதவு மட்டும் திறக்கவில்லை.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா திடலில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். சப்பான் உருசியாவை வென்று ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. ஆசியர் ஐரோப்பியரை வெல்லக்கூடும் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் புதிதாக முளைத்திருந்தது. பாலுவும் சிவராமும் அணியில் இருந்தனர். ஐரோப்பியர் முதலில் 191 ஓட்டங்களுக்கும் பின்பு 102 ஓட்டங்களுக்கும் சுருண்டனர். இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். தங்களை உறுப்பினராக ஏற்காத கழகத்தின் கண்ணெதிரே கிடைத்த வெற்றி அது! மறு ஆண்டும் வெற்றி தொடர்ந்தது. பார்சிகளும் பின்னர் முஸ்லிம்களும் சேர்ந்ததால், 1912இல் அது நான்கு அணிப் போட்டியாக வளர்ந்தது.

நிறவேற்றுமை மும்பைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சென்னைச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் கழகம் இந்தியருக்கு இடமளிக்காமையால், புச்சிபாபு நாயுடு 1888இல் இந்தியருக்கென ஒரு கழகத்தை நிறுவினார் என்பதைத் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் அனைத்திந்திய அணி முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. பாலுவுக்கு அப்போது 35 வயது. தோளில் வலி வேறு. மன்னர் பல ஆட்டங்களுக்கு வரவேயில்லை. 23 ஆட்டங்களில் 6இல் வெற்றி, 15இல் தோல்வி. அந்தத் தோல்விகளுக்கு இடையே பாலு ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டப்பகுதியில் 8 பேரை வெளியேற்றினார். பூனாவில் துரைமாருக்குப் பயிற்சிப் பந்து வீசிய கை, அவர்களுடைய நாட்டிலேயே அவர்களுடைய மட்டையாளர்களைத் திகைக்க வைத்தது. மும்பை திரும்பிய அவருக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். அன்று இளைஞராயிருந்த அம்பேத்கருக்கும் அவர் பெருமைக்குரிய நாயகரே.

இத்தகைய வீரருக்கு அணித்தலைமை கிட்டியிருக்க வேண்டுமன்றோ? கிட்டவில்லை. 1913இல் தலைவரான எம்.டி. பாய், அந்தச் சிறப்பு தமக்கன்று, பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னவர் அந்தணர் என்பதால் அந்தச் சொல்லுக்கு எடை கூடிற்று, நிலைமை மாறவில்லை. 1920இல் பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். பாய் நோயுற்றபோது, மூத்தவரும் சிறந்த மட்டையாளருமான பாலுவின் தம்பி விட்டலைத் தவிர்த்து, தேவ்தரிடம் தலைமை தரப்பட்டது. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து, தம் எதிர்ப்பை நாளிதழ் வழியே ஊரறியச் செய்தனர். தேர்வாளர் இறங்கிவந்தனர். இறுதி ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார். பாய் சிறிது நேரம் வேண்டுமென்றே களத்தை விட்டு வெளியேற, அந்தச் சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. 1923இல் விட்டல் அணித்தலைவரானார்; கோப்பையையும் வென்றார். உயர்சாதி ஆட்டக்காரர் அவரைத் தோளில் சுமந்து சென்றனர்.

பாலு பின்னாளில் பொதுவாழ்வில் இறங்கினார். 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு அவர் பெயரும் உண்டு. ஆயினும் அம்பேத்கரின் வழியும் அவர் வழியும் பிரிந்தன. 1937 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. ஏறத்தாழ 2,000 வாக்குகளில் பாலு தோற்றார். ஒரே துன்பத்தை அறிந்த இருவர் எதிரெதிரே நிற்க நேர்ந்தது வருந்தத்தக்கதே.

1955ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அவர் மும்பையில் மறைந்தார். முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179. ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுத்தவை சராசரியாக 15 ஓட்டங்களே. இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல் ஆடியபோது பாலுவுக்கு வயது 56.