மருந்து விற்ற பணத்தில் ஓர் இசை ஆய்வு

இசையில் சோதனை முயற்சி என்றதும் மின்கருவிகளும் மேலைநாட்டுப் பெயர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நூறாண்டுகளுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு சித்த மருத்துவர் நடத்திய சோதனை அவற்றுக்குச் சற்றும் இளைத்ததன்று.

ஆபிரகாம் பண்டிதர் 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சையில் ஆசிரியரானார். பின்னர் அப்பணியைத் துறந்து மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். மருந்து விற்ற வருவாயில் மூலிகைப் பண்ணையும் அச்சகமும் உருவாயின. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்துத் தம் செலவில் மாநாடுகள் கூட்டினார்.

அவர் எழுப்பிய வினா எளியது: ஒரு தானத்தில் சுருதிகள் எத்தனை? சாரங்கதேவரின் வழிவந்தோர் 22 என்றனர். சிலப்பதிகாரத்தின் பாலை முறைகளை ஆராய்ந்த பண்டிதர், சம இடைவெளியுள்ள 24 என்றார். ச-ப உறவை 3:2 என்னும் விகிதத்தில் பன்னிரண்டு முறை அடுக்கினால், ஏழு தானங்களைச் சற்றே தாண்டிவிடும். தொடங்கிய ஷட்ஜத்துக்குச் சரியாகத் திரும்பாது. வட்டம் முழுமைபெற இடைவெளிகள் சமமாக வேண்டும் என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், தம் குடும்பப் பெண்களைக் கொண்டு அதைச் செய்முறையாகவும் விளக்கினார்.

எல்லோரும் ஏற்கவில்லை. காதுக்கு இயல்பாக இனிப்பது விகித சுருதியே என்ற மறுப்பு வலுவானது. பாடகரின் கமகமோ எந்தக் கணக்குக்குள்ளும் அடங்குவதில்லை. ஆயினும் தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியத்தையும் முகவீணையையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பண்டிதரின் வினா உயிர்பெறுகிறது. ஒன்று சமமாகப் பகுத்த பன்னிரண்டு கட்டைகளில் நிற்கிறது. மற்றது அவற்றுக்கிடையே வழுக்கிச் செல்கிறது.

ஆயிரம் பக்கங்களைக் கடந்த 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. ஈராண்டில் அவர் மறைந்தார்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இது: முடிவை முன்கூட்டி விதிக்கும் புரவலர் எவரும் அவருக்கு இல்லை. தம் முடிவை எதிர்ப்போரும் அமர்ந்த அவையில் வைத்துச் சோதிக்கும் துணிவு அவருக்கு இருந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதிக்குப் பஞ்சம் என்கிறோம். அத்தகைய அவைக்கு இருக்கும் பஞ்சம் அதனினும் பெரிது.