ரேச்சல் கார்சன் அம்மையார்

பயிர் செய்வோர்க்குப் பகை பல. விதைத்த விதையை எறும்பு இழுக்கும். முளைத்த பயிரைப் புழு அரிக்கும். கதிர் முற்றும் வேளையில் வெட்டுக்கிளி வந்து வீழும். இப்பகைகளை வென்று பயிரையும் கால்நடையையும் காப்பது உழவரின் கடமை. ஆயினும் ஒரு வயலின் பூச்சியைக் கொல்ல வானிலிருந்து தூவப்படும் நஞ்சு, அவ்வயலின் வரப்பைக் கண்டு நின்றுவிடுவதில்லை. வேலியோரப் புதரில் வாழும் பறவையையும், ஓடையில் நீந்தும் மீனையும், அந்திப் பொழுதில் வயலோரம் வந்து மேயும் விலங்கையும் அது தாக்குகின்றது. பயிரும் பிழைக்க வேண்டும், காட்டுயிரும் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கு வழி என்ன? இவ்வினாவை உலகத்தார் உள்ளத்தில் ஆழப் பதித்தவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரே ரேச்சல் கார்சன் அம்மையார்.

அம்மையார் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் செல்வர் அல்லர். ஆனால் வீட்டைச் சூழ்ந்து 60 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இருந்தது. அதில் பழத்தோட்டமும் மரச்செறிவும் இருந்தன. அன்னை மரியா, மகளைக் கைப்பற்றி அழைத்துச் சென்று பறவைகளின் குரலையும் செடிகளின் இயல்பையும் கற்பித்தார். அந்நிலமே அம்மையாருக்கு முதற் பள்ளிக்கூடம்; அன்னையே முதல் ஆசிரியர். எழுதும் ஆர்வமும் இளமையிலேயே அரும்பியது. 1918ஆம் ஆண்டில், பதினொரு வயதில், அவர் எழுதிய கதை ஒன்று சிறுவர் இதழில் வெளிவந்தது.

எழுத்தாளராகவே விளங்க வேண்டும் என்று எண்ணிக் கல்லூரியில் சேர்ந்த அவர், முதலில் ஆங்கில இலக்கியம் பயின்றார். இடையில் உயிரியல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1929ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, 1932ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். மேலும் பயில விரும்பினார். ஆனால் வறுமை தடுத்தது. 1935ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அடுத்த ஆண்டில் அம்மையார் அரசின் மீன்வளத் துறையில் பணியேற்றார். 1937ஆம் ஆண்டில் தமக்கையாரும் மறைந்தார். தாயையும், தமக்கையின் இரு பெண்மக்களையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. பகலில் அலுவலகப் பணி. இரவில் எழுத்துப் பணி. இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன.

கடலைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் மூன்று. அவற்றுள் இரண்டாவது நூல் 1951ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் புகழ் ஈட்டியது. அறிவியல் உண்மையைப் பிழையின்றியும் இனிமையாகவும் எடுத்துரைக்கும் ஆற்றல் அவர்க்கு வாய்த்திருந்தது. நூல்களின் வருவாயால் வறுமை நீங்கவே, 1952ஆம் ஆண்டில் அரசுப் பணியைத் துறந்து, முழுநேரமும் எழுதலானார்.

அக்காலத்தில் டி.டி.டி. என்னும் மருந்து உலகெங்கும் புகழ்பெற்றிருந்தது. அது பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ஆம் ஆண்டில் கண்டறிந்த பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், 1948ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, பேன் பரப்பும் கொடிய காய்ச்சலிலிருந்தும் மலேரியாவிலிருந்தும் எண்ணிறந்தோரை அம்மருந்து காத்தது. போர் முடிந்ததும் அதனை வயலிலும் காட்டிலும் விமானங்களால் தூவத் தொடங்கினர். அதனினும் கொடிய டீல்டிரின், ஹெப்டாகுளோர் முதலிய நஞ்சுகளும் பயன்பாட்டிற்கு வந்தன. மருந்து என்ற பெயரே மக்களின் ஐயத்தைப் போக்கிவிட்டது.

தீமை மெல்ல வெளிப்பட்டது. கனடா நாட்டின் காடுகளில் ஊசியிலை மரங்களை ஒருவகைப் புழு அழித்து வந்தது. மரங்களைக் காக்கும் பொருட்டு 1954ஆம் ஆண்டில் மிராமிச்சி ஆற்றுப் பகுதியில் டி.டி.டி.யைத் தூவினர். மரங்களின்மேல் விழுந்த நஞ்சு ஓடைகளிலும் விழுந்தது. சால்மன் மீன்குஞ்சுகளின் உணவாகிய நீர்ப்பூச்சிகள் மாண்டன, குஞ்சுகளும் மாண்டன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நெருப்பெறும்பை ஒழிக்க 1957ஆம் ஆண்டில் அரசு பெருந்திட்டம் ஒன்றைத் தீட்டியது. பரந்த நிலப்பரப்பில் டீல்டிரினும் ஹெப்டாகுளோரும் தூவப்பட்டன. பறவைகளும் சிறு விலங்குகளும் கூட்டங்கூட்டமாக மடிந்தன. எறும்புப் புற்றுகளுக்கு மட்டும் மருந்திட்டால் செலவும் குறையும், கேடும் குறையும் என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

நஞ்சு செல்லும் வழியோ வியப்பிற்குரியது. எல்ம் மரத்தின் நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்ல மரங்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. இலைகள் உதிர்ந்தன, அவற்றை மண்புழுக்கள் தின்றன. மண்புழுக்களை ராபின் என்னும் செம்மார்புப் பறவைகள் தின்றன. புழுவின் உடலில் சிறிதாக இருந்த நஞ்சு, பறவையின் உடலில் பெருகித் திரண்டது. மரத்தைத் தெளித்த கை பறவையைக் கொல்ல எண்ணவில்லை. ஆயினும் மறு வேனிலில் பறவைகள் விழுந்து இறந்தன. ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு உணவாகும் சங்கிலியில், ஒரு கண்ணியில் இட்ட நஞ்சு கடைசிக் கண்ணிவரை செல்லும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையாரின் தோழி ஒருவர் துயரச் செய்தி ஒன்றை அறிவித்தார். கொசுவை ஒழிக்க விமானம் மருந்து தெளித்துச் சென்றபின், தம் தோட்டத்தில் அடைக்கலம் பெற்றிருந்த பறவைகள் மாண்டன என்பதே அச்செய்தி. அம்மையார் இதனைப் பற்றி யாரேனும் எழுதவேண்டும் என்று முயன்றார். இறுதியில் தாமே எழுதத் துணிந்தார். நான்கு ஆண்டுகள் உழைத்தார். அறிஞர் பலருக்குக் கடிதம் எழுதி ஆய்வு முடிவுகளைத் திரட்டினார். ஒவ்வொரு செய்தியையும் சான்றோடு சரிபார்த்தார்.

அவ்வாண்டுகள் துன்பம் நிறைந்தவை. 1957ஆம் ஆண்டில் தமக்கையின் மகளும் இறந்தமையால், அவள் விட்டுச் சென்ற ஐந்து வயதுச் சிறுவனை அம்மையார் தம் மகனாக ஏற்றிருந்தார். 1958ஆம் ஆண்டின் இறுதியில் அன்னையாரையும் இழந்தார். 1960ஆம் ஆண்டில் அவரைப் புற்றுநோய் பற்றியது. அறுவை மருத்துவமும் கதிர் மருத்துவமும் உடலை வாட்டின. எனினும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. நோயுற்றவர் என்று அறிந்தால், தம் சொல்லை நடுநிலை அற்றது என்று பிறர் ஒதுக்கிவிடுவர் என எண்ணி, அந்நோயை வெளியுலகம் அறியாமல் மறைத்துக்கொண்டார்.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவருடைய நூல் வெளிவந்தது. பறவையின் பாட்டு ஒலிக்காத இளவேனில் எத்துணைக் கொடியது என்பதை உணர்த்தும் வகையில் அதற்கு மௌன வசந்தம் என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தார். நாடெங்கும் பெருங் கிளர்ச்சி எழுந்தது. நஞ்சு செய்து விற்போர் சினந்தனர். அவருடைய சொல்லைக் கேட்டால் பூச்சிகளே உலகை ஆளும் என்றும், பஞ்சமும் நோயும் பெருகும் என்றும் பழித்தனர். பெண் என்றும் மணமாகாதவர் என்றும் இகழ்ந்தோரும் உண்டு. அம்மையார் இகழ்ச்சிக்கு இகழ்ச்சியால் விடை கூறவில்லை, சான்றுகளையே முன்வைத்தார்.

உண்மையில் அவர் பூச்சிமருந்தே கூடாது என்று கூறியவர் அல்லர். உழவரின் இழப்பையும் நோயின் கொடுமையையும் அவர் நன்கு அறிந்தவர். அளவும் விளைவும் அறியாமல், நிலத்தில் வாழ்வோரின் இசைவும் பெறாமல், வானிலிருந்து நஞ்சைப் பொழிவதையே அவர் எதிர்த்தார். நஞ்சைத் தொடர்ந்து தூவினால் பூச்சிகள் அதனைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும். பின்னர் உற்ற வேளையில் மருந்து பயன்படாது என்றும் எச்சரித்தார்.

தடுப்பதோடு அமையாமல் மாற்று வழியையும் அவர் காட்டினார். திருகுப்புழு ஈ என்பது ஒருவகை ஈ. அது விலங்குகளின் புண்ணில் முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள தசையையே தின்னும். ஈன்ற கன்றின் தொப்பூழ்ப் புண்ணும் அதற்குப் போதும். பண்ணை மாடுகளும் காட்டு மான்களும் அதனால் ஒருங்கே மடிந்தன. டெக்சாஸ் மாநிலத்தின் சில பகுதிகளில் மான்கள் அருகியதற்கு அந்த ஈயே காரணம் எனக் கருதப்பட்டது. நிப்லிங் என்னும் அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். ஈக்களைப் பெருமளவில் வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, விமானங்களிலிருந்து வெளியிடச் செய்தார். அவற்றோடு கூடிய பெண் ஈக்களின் முட்டைகள் பொரிக்கவில்லை. 1954ஆம் ஆண்டில் குராசோ தீவில் சில வாரங்களிலேயே அந்த ஈ ஒழிந்தது. 1959ஆம் ஆண்டிற்குள் புளோரிடாவிலும் ஒழிந்தது. அங்கும் விமானம் பறந்தது. ஆனால் நஞ்சு பொழியவில்லை. மாடும் பிழைத்தது, மானும் பிழைத்தது. இத்தகைய வழிகளையே நாட வேண்டும் என்று அம்மையார் தம் நூலின் இறுதியில் வலியுறுத்தினார்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் குழு ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மையாரின் கருத்துக்குச் சார்பாக அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதம் அம்மையார் ஆட்சி மன்றக் குழுவின்முன் தோன்றிச் சான்று பகர்ந்தார். அப்போது நோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள், 56ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

அவர் விதைத்த விதை பின்னரே கனிந்தது. 1970ஆம் ஆண்டில் சுற்றுப்புறத்தைக் காக்க அமெரிக்காவில் தனித்துறை தோன்றியது. 1972ஆம் ஆண்டில் பயிர்களுக்கு டி.டி.டி. பயன்படுத்துவதை அத்துறை தடை செய்தது. நஞ்சால் முட்டையோடு மெலிந்து அருகியிருந்த வெண்தலைக் கழுகுகள் மீண்டும் பெருகின. 2007ஆம் ஆண்டில், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கினர். 2016ஆம் ஆண்டில் திருகுப்புழு ஈ புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் மீண்டும் தோன்றி, அங்கு மட்டுமே வாழும் சிறு மான்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. மலடாக்கிய ஈக்கள் மீண்டும் விடப்பட்டன. மான்களுக்கு மருந்தும் ஊட்டப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அத்தீவுகள் அத்துன்பத்திலிருந்து விடுபட்டன.

பகையை அழிக்கப் புறப்படுவோர், தம் அம்பு எங்கெங்குச் செல்லும் என்பதை எய்யுமுன் அறிதல் வேண்டும். அவ்வறிவைத் தேடித் தருவது கற்றோர் கடன். அதற்காகப் பழி வரினும் அஞ்சாமை சான்றோர் இயல்பு. இவ்விரண்டிற்கும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது கார்சன் அம்மையாரின் வாழ்வு.