புனித சவேரியாரும் நம் கடற்கரையும்

கரைவலையைத் தனி ஒருவர் இழுத்துக் கரை சேர்க்க முடியாது. இதை நம் மக்களுக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. விசுவாச வாழ்விலும் நீதிக்கான உழைப்பிலும் அதுவே விதி என்று இக்கரையில் வாழ்ந்து காட்டியவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

நவார் நாட்டில் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பிரபு குலத்தில் பிறந்தார். பாரிஸ் நகரில் கற்று, புனித இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களுள் ஒருவரானார். 1542 மே 6-ஆம் நாள் கோவா வந்திறங்கி, அவ்வாண்டு அக்டோபரில் தமிழறிந்த குருமாணவர் மூவருடன் முத்துக்குளித்துறை வந்தார். சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதகுல மக்களுக்கு அப்போது போதிப்பார் இல்லை.

சுவாமிக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, அவர்களோடு உட்கார்ந்து செபங்களைத் தமிழில் ஆக்கினார், மனப்பாடம் செய்தார், கைமணியுடன் தெருத்தெருவாய்ச் சென்றார். எல்லா நோயாளிகளிடமும் தாம் போக முடியாதபோது சிறுவர்களை அனுப்பிச் செபிக்கச் செய்தார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். அவர்கள் சம்பளத்துக்கு, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையில் வசூலான 4,000 பணத்தைக் கேட்டுப் பெற்றார். கரையில் உழைத்தவன் காசு அவன் பிள்ளைகளின் போதனைக்கே திரும்பியது.

1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியைச் சூறையாடியது. மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியால் வாடினர். சவேரியார் இருபது வள்ளங்களில் உணவுப்பொருள் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. திரும்பி வந்தவர் தரைவழியே நடந்து போய், எளியவர்களை மணப்பாட்டுக்குக் கொண்டுவந்து, வசதியுள்ளவர்களிடம் தர்மம் வாங்கிக் காப்பாற்றினார். அதே ஆண்டு தூத்துக்குடி மக்கள் தீவுகளில் தாகத்தால் தவித்தபோது, அண்டை ஊர்களிலிருந்து தண்ணீரும் உணவும் வள்ளங்களில் அனுப்பச் செய்தார். ஓர் ஊரின் துன்பம் மற்ற ஊர்களின் பொறுப்பாயிற்று.

தம்மை அனுப்பிய ஆட்சியின் குற்றத்தையும் அவர் மறைக்கவில்லை. அதிகாரிகளின் பேராசையையும் கொடுமையையும் 1545-இல் போர்த்துக்கல் மன்னருக்கே எழுதினார்.

அவர் எச்சரித்த தீமை நம் பக்கத்திலேயே பலி வாங்கியது. மண்டபத்தை அடுத்த வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களிடம் வரி பிடுங்கினார். அதனால் மூண்ட பகையில் 1549-இல் படை வந்தது. அங்கிருந்தவர், சவேரியாரால் இக்கரைக்குத் தலைவராக்கப்பட்ட அந்தோனி கிரிமினாலி சுவாமி. பெண்களையும் பிள்ளைகளையும் வள்ளங்களில் ஏற்றிவிட்டு, தாம் ஏறாமல் கரையில் நின்று ஈட்டிக்கு இரையானார். ஒருவர் செய்த அநீதிக்கு மற்றொருவர் உயிர் கொடுத்தார். பிற சமயத்தாரை நாம் நோகச் செய்தால் அதன் பலன் நம் பிள்ளைகள் தலையில் விழும் என்பதற்கு இது சாட்சி.

1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக்கரை அருகே சான்சியான் தீவில் சவேரியார் இறைவனடி சேர்ந்தார். 1622-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பிரியமான பங்கு மக்களே! ஜூபிலிக்காகக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது எளிது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் அடுப்பெரிகிறதா என்று பார்ப்பதே கடினம். ஊர்க்கமிட்டியும், வின்சென்ட் தே பவுல் சபையும், இளைஞர்களும், அயல் சமய அன்பர்களும் சேர்ந்து வலை இழுத்தால் அதுவும் எளிதாகும். புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.