நாடிழந்த விமானி அன்னா லெஸ்கா

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1910ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அன்னா லெஸ்கா பிறந்தார். அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. அண்டைப் பேரரசுகள் மூன்று அதனைப் பங்கிட்டுக்கொண்டு நூறாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. வார்சா, ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1918இல் போலந்து விடுதலை பெற்றபோது அன்னாவுக்கு எட்டு வயது நிரம்பும் தறுவாய்.

புதிதாக எழுந்த அந்நாட்டின் இளைஞரிடையே விமானம் ஓட்டும் வேட்கை பரவியிருந்தது. வார்சா விமானக் கழகத்தில் சேர்ந்த அன்னா, முதலில் எஞ்சின் இல்லாமல் காற்றோட்டத்தின் துணையால் மிதந்து செல்லும் கிளைடரையும் பின்னர் விமானத்தையும் ஓட்டக் கற்று உரிமம் பெற்றார்.

1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. பதினேழாம் நாள் சோவியத் படைகளும் கிழக்கு எல்லையைக் கடந்து நுழைந்தன. இரு பெரும் படைகளுக்கு நடுவே நாடு நசுங்கியது. போர்க்காலப் பணியில் சேர்க்கப்பட்டிருந்த அன்னா, பகைவர் நெருங்கிய நிலையில் விமானமொன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு அண்டை நாடான ருமேனியாவை அடைந்தார். அங்கிருந்து பிரான்சுக்குச் சென்றார். 1940 ஜூன் மாதத்தில் பிரான்சும் வீழ்ந்தது, மீண்டும் பயணம். இங்கிலாந்தை அடைந்தபோது அவரிடம் இருந்த செல்வம் விமானம் ஓட்டும் திறமை ஒன்றே.

அத்திறமைக்கு அங்கே தேவை மிகுந்திருந்தது. தொழிற்சாலைகளில் உருவாகும் போர் விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டு சேர்க்கவும், பழுதுற்றவற்றைப் பணிமனைக்கு எடுத்துச் செல்லவும் விமானப் போக்குவரத்துத் துணைப்படை என்னும் அமைப்பு இயங்கியது. அதன் முதல் எட்டுப் பெண் விமானிகள் பவுலின் கோவர் அம்மையாரின் தலைமையில் 1940 ஜனவரியில் பணியேற்றனர். ஆண்களின் வேலையைப் பெண்கள் பறிப்பதாகப் பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. தொடக்கத்தில் பெண்களுக்குத் திறந்த இருக்கை கொண்ட சிறு பயிற்சி விமானங்களே தரப்பட்டன, ஊதியமும் குறைவு. உறைபனிக் காலத்தில் அவற்றை ஸ்காட்லாந்துவரை அவர்கள் ஓட்டிச் சென்றனர். 1941 தொடக்கத்தில் இப்படையில் சேர்ந்த அன்னாவுடன் ஸ்டெஃபானியா வோய்துலானிஸ் என்னும் போலந்துப் பெண்மணியும் பணியாற்றினார். பின்னர் போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கியின் மகள் யாத்விகாவும் இணைந்தார்.

சண்டையிடாமல் விமானத்தைக் கொண்டு சேர்ப்பது எளிய பணிதானே என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. அவர்கள் வானொலித் தொடர்பின்றிப் பறந்தனர். துப்பாக்கிகளில் குண்டுகள் இரா. ஆறு, இருப்புப்பாதை, தேவாலயக் கோபுரம் ஆகியவற்றைப் பார்த்து, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழியறிய வேண்டும். நகரங்களுக்கு மேலே, பகை விமானங்களைத் தடுக்க எஃகுக் கம்பிகளில் கட்டிய பெரும் பலூன்கள் மிதந்தன. மேகத்தில் வழி தவறினால் அக்கம்பிகளே எமனாகும். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து, வழியில் நம் நாட்டின் ஜான்சியிலும் இறங்கிய புகழ்பெற்ற ஏமி ஜான்சன், இப்பணியின்போதே 1941 ஜனவரியில் தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் உயிரிழந்தார்.

இன்று ஒரு வகை, நாளை வேறொரு வகை என விமானங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முன்பின் ஓட்டியறியாத விமானமாயினும், அதன் வேகம், விசைகள், இறங்கும் முறை ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூறும் கையடக்கக் குறிப்பட்டையைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும். அன்னாவுக்கோ அக்குறிப்பு பிறமொழியில் அமைந்தது. ஸ்பிட்ஃபயர் என்னும் போர் விமானம் வானில் இனிது பறக்கும். தரையில் தொல்லை தரும். அதன் நீண்ட மூக்கு முன்வழியை மறைக்கும். சற்றுத் தாமதித்தாலும் எஞ்சின் கொதிக்கும். அத்தகைய ஸ்பிட்ஃபயர்களில் மட்டும் 557ஐ அன்னா கொண்டு சேர்த்தார். போர் முடியும்வரை அவர் ஓட்டியவை மொத்தம் 1,295 விமானங்கள், வகைகளோ 93. அவர் பறந்த நேரம் 1,241 மணி. 1943இல் பெண் விமானிகளுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் வழங்க அரசு இசைந்தது. அக்காலத்தில் இது அரிதினும் அரிது.

1945இல் போர் முடிந்தது. வென்ற அணியில் இருந்த அன்னாவுக்குத் திரும்பிச் செல்ல நாடில்லை. போலந்து சோவியத் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. இலண்டனில் இயங்கிய போலந்து அரசுக்கு அளித்திருந்த ஏற்பினை ஜூலையில் பிரிட்டன் விலக்கிக்கொண்டது. பிரிட்டனின் பக்கம் நின்று போரிட்டுத் தாயகம் திரும்பிய போலந்து வீரர் பலர் சிறைப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். எவருக்காக விமானங்களைச் சுமந்தாரோ அவர்களே கைவிட்டதை அன்னா காண நேர்ந்தது. போலந்து விமானப்படையைச் சேர்ந்த டாப் என்பவரை மணந்து அவர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1970களின் பிற்பகுதியில் அவர் வார்சாவுக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற நகரம் அங்கில்லை. 1944இல் ஜெர்மானியப் படை அதனைத் தரைமட்டமாக்கியிருந்தது. பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் துணைகொண்டு மக்கள் அதன் தெருக்களை மீண்டும் எழுப்பியிருந்தனர். அந்தப் புதிய வார்சாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1989இல் நாட்டின் ஆட்சிமுறை மாறியதையும் கண்ணாரக் கண்டு, 1998 ஜனவரியில் அன்னா லெஸ்கா காலமானார்.