ஒளிக்கு வழி வகுத்த சர் சி. பி.

தூத்துக்குடி என்றதும் முத்துக்குளிப்பும் உப்பளமும் துறைமுகமும் நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றோடு மின்சாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன் நான். துறைமுகத்தை அடுத்த அனல் மின் நிலையத்தில் 1979-இல் முதல் எந்திரம் ஓடத் தொடங்கியது. 1992-க்குள் 210 மெகாவாட் திறனுடைய ஐந்து எந்திரங்கள் அமைந்தன. இதற்கிடையே 1986-இல் முள்ளக்காட்டில் காற்றாலைகள் எழுந்தன. கப்பலில் வந்த நிலக்கரியும் கடற்காற்றும் ஈன்ற மின்சாரம் ஒரே மின்தொகுப்பில் கலந்தது. அத்தொகுப்புக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான சர் சி. பி. இராமசாமி ஐயரின் வாழ்வை என் தோழர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதை எழுதுகிறேன்.

சி. பி. 1879 நவம்பர் 12-இல் வந்தவாசியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, புகழ் மிக்க வழக்கறிஞரானார். அன்னி பெசன்ட் அம்மையாருடன் தன்னாட்சி இயக்கத்தில் பாடுபட்டார். 1920-இல் சென்னை மாகாணத்தின் தலைமை வழக்கறிஞர் ஆனார்.

1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தபோதுதான் அவர் நீரிலும் மின்சாரத்திலும் கருத்தூன்றினார். காவிரி பற்றி மைசூருடன் 1924-இல் உடன்பாடு ஏற்பட, மறு ஆண்டு மேட்டூர் அணை வேலை தொடங்கியது. நீலகிரியில் பைகாரா ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கும் அவர் விடாது வாதாடினார். இவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆள் ஏது என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். மின்சாரம் வந்தால் ஆலைகள் தாமே வரும் என்பது அவர் துணிபு. 1929-இல் வேலை தொடங்கி, 3,000 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்த நீர் 1932-இல் மின்சாரமாயிற்று. கோவையின் நூற்பாலைகள் அவர் துணிபை மெய்ப்பித்தன. பின்னர் 1937-இல் மேட்டூரும், 1944-இல் நம் தாமிரபரணியின் பாபநாசமும் மின்சாரம் தந்தன. தனித்தனி நிலையங்கள் கம்பிகளால் இணைந்து ஒரே தொகுப்பாயின.

இவ்விணைப்பு எளிதன்று. அனல் மின் நிலைய எந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால்தான் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்னும் அளவில் பிறக்கும். 15,750 வோல்ட்டில் பிறப்பதை மின்மாற்றி 2,30,000 வோல்ட்டாக உயர்த்தும். புதிய எந்திரத்தின் மின்னழுத்தம் தொகுப்பின் அழுத்தத்தோடு ஒத்திருக்க வேண்டும். சுற்றின் வேகமும் ஒத்திருக்க வேண்டும். அலையின் ஏற்றமும் இறக்கமும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். ஒத்திசைவு காட்டும் கருவியின் முள் உச்சிக்கு வரும் வேளை பார்த்தே இணைப்பை மூடுவார்கள். தவறினால் பெருமின்னோட்டம் பாய்ந்து, எந்திரத்தின் தண்டே முறுக்குண்டு சேதமடையக்கூடும். இணைந்தபின்போ எல்லா எந்திரங்களும் ஒன்றாகவே சுழலும். ஒன்று நின்றாலும் மற்றவை அதன் சுமையைத் தாங்க முனையும்.

1936-இல் சி. பி. திருவாங்கூரின் திவான் ஆனார். அவ்வாண்டே ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. 1937-இல் பல்கலைக்கழகம் தோன்றியது. 1940-இல் பள்ளிவாசல் மின் நிலையம் ஒளி தந்தது. ஆயினும் அவரது ஆட்சியின் மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று. 1946-இல் புன்னப்புரா வயலாரில் எழுந்த தொழிலாளர் போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது, பலர் மாண்டனர். 1947 ஜூனில் திருவாங்கூர் இந்தியாவோடு இணையாது தனி நாடாக நிற்கும் என அவர் அறிவித்தார். மக்கள் கொதித்தனர். ஜூலை 25-இல் ஒருவர் அவரை வெட்டினார். உயிர் பிழைத்த அவர் பதவி துறந்தார். திருவாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. பிற்காலத்தில் அண்ணாமலை, காசிப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராய்த் திகழ்ந்து, 1966 செப்டம்பர் 26-இல் இலண்டனில் மறைந்தார்.

ஆறுகளின் ஆற்றலை ஊருக்குக் கொண்டுவர வழி வகுத்தவர், மக்களின் ஓட்டத்தோடு இசைந்து செல்லத் தவறினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்திரம் எத்துணை வலியதாயினும் தொகுப்போடு ஒத்திசைந்தால்தான் பயன். தலைவர்க்கும் அஃதே விதி. அவர் தந்த ஒளியை நன்றியோடு ஏற்போம். அவர் சறுக்கிய இடத்தையும் அவ்வொளியிலேயே கண்டு கற்போம்.