கோஷா ஆஸ்பத்திரி கண்ட மேரி அம்மையார்

அம்பாசமுத்திரம் பக்கத்திலோ ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலோ ஒரு பாட்டிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றால், வீட்டார் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார்கள். பெண் டாக்டர்களே அங்கே ஆபரேஷன் செய்கிறார்கள். மாணவிகள் பக்கத்தில் நின்று பார்த்துப் படிக்கிறார்கள்.

150 ஆண்டுகளுக்கு முன் இப்படி இல்லை. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று பல பெண்கள் இருந்துவிட்டார்கள். பிரசவத்தில் எத்தனையோ பேர் மாண்டார்கள். வயிற்றில் கட்டி வந்தவர்கள் வலியை வெளியே சொல்லாமலே வாழ்ந்தார்கள்.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் மேரி ஷார்லீப் அம்மையார்.

சென்னைக்கு வந்தார்

மேரி 1845-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வில்லியம் ஷார்லீப் என்ற பாரிஸ்டரை மணந்து, 1866-ல் சென்னைக்கு வந்தார். அவருக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெண்கள் வைத்தியம் இன்றிச் சாகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. அவர் மனம் பதைத்தது. முதலில் பிரசவம் பார்க்கக் கற்றார். அது மட்டும் போதாது என்று கண்டார். டாக்டராகவே ஆகிவிடுவது என்று முடிவு செய்தார்.

நான்கு பெண்கள்

அந்தக் காலத்தில் லண்டன் பல்கலைக் கழகமே பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி முந்திக்கொண்டது. டாக்டர் எட்வர்ட் பால்பர் என்ற உயர் அதிகாரி பெண்களுக்காக வாதாடினார். 1875-ல் நான்கு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி. அப்போது அவருக்கு வயது 30.

எல்லா ஆசிரியர்களும் அவர்களை மனம் உவந்து வரவேற்கவில்லை. நால்வரும் பொறுமையோடு படித்தார்கள். 1878-ல் மேரி தேறினார்.

பிறகு மேல்படிப்புக்கு லண்டன் சென்றார். அதற்குள் அந்தப் பல்கலைக் கழகமும் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. 1882-ல் அவர் பட்டம் பெற்றார். பிரசவ வைத்தியத்தில் தங்கப் பதக்கமும் வாங்கினார். விக்டோரியா ராணியைச் சந்தித்து, இந்தியப் பெண்கள் படும் துன்பத்தை எடுத்துச் சொன்னார்.

பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி

1883-ல் மேரி சென்னைக்குத் திரும்பினார். தாம் படித்த கல்லூரியிலேயே பாடம் நடத்தினார். 1885-ல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் தனி ஆஸ்பத்திரி ஏற்பட வழி செய்தார். கோஷா என்றால் திரைக்குள் வாழ்வது. இங்கே வைத்தியம் பார்ப்பவரும் பெண் என்பதால், வீட்டை விட்டு வெளியே வராதவர்களும் வந்தார்கள்.

வேங்கடகிரி ராஜாவின் நன்கொடையால் திருவல்லிக்கேணியில் பெரிய கட்டடம் எழுந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1887-ல், உடல்நலம் கெட்டு மேரி ஊர் திரும்ப நேர்ந்தது.

கத்தியும் பாடமும்

அந்நாளில் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்வது எமனோடு விளையாடுவது போல. புண்ணில் சீழ் பிடித்துப் பலர் இறந்தார்கள். மயக்க மருந்து வலியைப் போக்கியது. 1867-ல் லிஸ்டர் என்ற டாக்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமியை ஒழிக்கும் முறையை வெளியிட்டார். அதன் பிறகே கர்ப்பப்பை ஆபரேஷனில் உயிர் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

பெண்களால் இவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்ய முடியாது என்று பலர் எண்ணினார்கள். மேரி செய்து காட்டினார். பெண் டாக்டர்களே நடத்திய லண்டன் ஆஸ்பத்திரியில் 1892-ல் தலைமைச் சர்ஜன் ஆனார். கர்ப்பப்பை, சூலகக் கட்டிகளை அகற்றுவதில் பெயர் பெற்றார். பெண்கள் மருத்துவப் பள்ளியில் மாணவிகளுக்குப் பாடமும் நடத்தினார். தம்மோடு அந்தத் திறமை முடிந்துவிடக் கூடாது என்பதில் அவர் கண்ணாக இருந்தார்.

1926-ல் அவருக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது. 1930-ல் தம் 85-வது வயதில் காலமானார்.

திறந்த கதவு

அவர் நுழைந்த சென்னைக் கல்லூரியில்தான் பின்னாளில் முத்துலட்சுமி ரெட்டி படித்து, 1912-ல் டாக்டர் ஆனார். திருநெல்வேலியிலும் 1965-ல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தாமிரபரணிக் கரைப் பெண்களும் டாக்டர் ஆனார்கள்.

திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரிக்கு இன்று கஸ்தூரிபா காந்தி பெயர். ஆனாலும் பழைய சென்னைவாசிகளுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். இப்போது அங்கே எல்லாச் சாதி, எல்லா மதப் பெண்களும் வருகிறார்கள். வயிற்று வலியை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் பாட்டி எந்த வீட்டிலாவது இருந்தால், பெண் டாக்டரிடம் அழைத்துப் போகலாம். அந்த வசதிக்காகத்தான் மேரி அம்மையார் 30 வயதில் மூன்று குழந்தைகளோடு பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.