எம்.ஏ., பாரிஸ்டர்... ஆனால் செய்தது பிசினஸ்! டிகிரியை அழகப்பர் எப்படிப் பார்த்தார்?

டிகிரி முடிச்சு என்ன ஆகப்போகுது, பேசாம பிசினஸ்ல இறங்கிடலாமா? செட்டிநாட்டில் இது புதுக் கேள்வியே இல்லை. வட்டிக் கணக்கு தெரிந்தால் பர்மா, மலேயா போய்ச் சம்பாதிக்கலாம் என்றிருந்த ஊர்கள் அவை. சாக்கோட்டை வட்டாரத்தின் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியாரும் அந்த வணிகச் சமூகம்தான்.

அவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்தார். லண்டனில் பாரிஸ்டர் ஆனார். கூடவே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்! இவ்வளவு படித்தும் கடைசியில் இறங்கியது வியாபாரத்தில். கொச்சி சமஸ்தானத்தில் துணி ஆலை நடத்தினார். அப்போ எம்.ஏ. வேஸ்ட்டா?

சம்பாதித்த பணத்தை அவர் எங்கே கொட்டினார் என்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்.

குடும்பத் தொழில் இருக்கிறவருக்கு டிகிரி ஒரு சாய்ஸ். அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சென்னை போய்ப் படிக்கவும் வசதி கிடையாது. அழகப்பர் கல்லூரியை அந்தப் பிள்ளையின் ஊருக்கே கொண்டுவந்தார். 1957-ல் இறந்தபோது அவருக்கு வயது 47. அவர் தொடங்கிய கல்வி நிறுவனங்களிலிருந்து 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.